சம்பளம் வாங்காத மேனேஜர்

ஆட்டம் நடக்கும்போது கத்துகிறவன் ரசிகன். அவனை விட்டுவிடுங்கள், பாவம், காசு கொடுத்து டிக்கெட் வாங்கியவன். ஆட்டமே நடக்காத மார்ச் மாதத்தில், மைதானத்துப் பனி உருகிச் சேறாகக் கிடக்கும்போது, ஆட்டக்காரர்கள் எல்லாரும் எங்கெங்கோ கடற்கரைகளில் மல்லாந்து படுத்திருக்கும்போது, ஆட்டத்தைப் பற்றித் தொண்டை கட்டும்வரை கத்துகிறவர் வேறு இனம். அந்த இனத்தைத்தான் இன்று உங்களுக்கு அறிமுகப்படுத்தப் போகிறேன். நான் அதற்கு வைத்திருக்கும் பெயர், சம்பளம் வாங்காத மேனேஜர்.

இவரை யாரும் வேலைக்கு அமர்த்தவில்லை. ஆகவே யாராலும் வேலையை விட்டு நீக்கவும் முடியாது. அமெரிக்காவில் இவ்வளவு பத்திரமான வேலை வேறு எதுவும் இல்லை.

எங்கள் ஊரான டொலிடோவில் இந்த இனம் மிக அடர்த்தி. எங்கள் அமெரிக்கக் கால்பந்து அணியின் (பெயர்தான் கால்பந்து, பந்து கையில்தான் இருக்கும்) பெயர் ஹாமர்ஸ். சம்மட்டிகள். பதினோரு வருடமாக இந்தச் சம்மட்டி ஓர் ஆணியைக்கூட ஒழுங்காக அடித்ததில்லை. நான் வேலை பார்க்கும், கார்களுக்கான கண்ணாடித் தொழிற்சாலையில் ஏறக்குறைய ஐந்நூறு பேர். கழுத்தில் மேனேஜர் என்று அட்டை தொங்குகிறவர்கள் அதில் ஒன்பது பேர். மீதிப் பேரில் பாதிக்கு மேல் சம்பளம் வாங்காத மேனேஜர்கள்.

ஆளை எப்படி அடையாளம் காண்பது? சட்டையைப் பார்க்க வேண்டாம், தொப்பியைப் பார்க்க வேண்டாம். ஒரே ஒரு சொல்லுக்குக் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். "நாம."

"நாம போன வருஷம் தப்புப் பண்ணிட்டோம்." "நாம இந்த வருஷம் பாதுகாப்பு வரிசைய பலப்படுத்தணும்." "நம்மகிட்ட காசு இருக்கு, புத்திதான் இல்ல." தமிழில் நமக்கு இரண்டு சொல் உண்டு. எதிரில் இருப்பவரையும் சேர்த்துக்கொண்டால் நாம். விலக்கிவிட்டுச் சொன்னால் நாங்கள். இவர்கள் பேசும் மொழியில் இரண்டுக்கும் ஒரே சொல்தான். இருந்தாலும் இத்தனை வருடம் இவர்களோடு உட்கார்ந்து சாப்பிட்டவன் என்ற முறையில் சொல்கிறேன், அணியைப் பற்றிப் பேசும்போது இவர் வாயிலிருந்து வருவது சந்தேகமில்லாமல் 'நாம்'தான். அணியின் முதலாளியும் இவரும் ஒரே வீட்டில் பிறந்தவர்கள் போன்ற 'நாம்'. அந்த முதலாளி இவரை லிஃப்டில் பார்த்தால் எந்த மாடி என்றுகூடக் கேட்க மாட்டார். அதனால் என்ன? பாசம் ஒரு பக்கமாக ஓடினாலும் பாசம்தானே?

மாதிரிக்கு ஒருவரைக் காட்டுகிறேன். வாலி குபியாக். வயது ஐம்பத்தொன்று. கண்ணாடியை வளைக்கும் உலையில் வேலை. கடவுள் இல்லை என்று அடித்துச் சொல்வார். ஞாயிற்றுக்கிழமை சட்டையைத் துவைத்தால் ஹாமர்ஸ் தோற்றுவிடும் என்பதையும் அதேபோல் அடித்துத்தான் சொல்வார். எட்டு வருடத்துக்கு முன் ஒரு ஞாயிறு, அழுக்குச் சட்டையோடு உட்கார்ந்திருந்தபோது அணி ஜெயித்துவிட்டது. அன்றிலிருந்து அந்தச் சட்டை தண்ணீரைப் பார்க்கவில்லை. நடுவில் எழுபது எண்பது தடவை அணி தோற்றதே, அப்போதும் இதே சட்டைதானே என்று ஒருநாள் கேட்டேன். "இது இல்லாம இருந்தா இன்னும் மோசமாத் தோத்திருப்போம்" என்றார். உலகத்தின் எந்தக் கோயிலில் கேட்டாலும் இதே பதில்தான் கிடைக்கும். கோயிலிலாவது தீர்த்தம் தெளிப்பார்கள்.

வாரத்துக்கு ஒருமுறை, செவ்வாய்க்கிழமை, வாலி வானொலியின் விளையாட்டு நிகழ்ச்சிக்குத் தொலைபேசியில் பேசுவார். "வணக்கம், நான் ரொம்ப நாளாக் கேட்டுட்டிருக்கேன், முதல் தடவையாக் கூப்பிடறேன்" என்றுதான் ஆரம்பிப்பார். எனக்குத் தெரிந்து ஒன்பது வருடமாக ஒவ்வொரு செவ்வாயும் முதல் தடவை. எதிர்முனையில் இருப்பவருக்கும் தெரியும். அவரும் "வாங்க வாங்க, புதுக் குரல்" என்பார். ஒரு சடங்கில் இருவரும் பொய் சொன்னால் அது பொய்க் கணக்கில் சேராது.

இவர் தலையில் இருப்பவை என்னென்ன தெரியுமா? ஓர் அணி மொத்தச் சம்பளமாக எவ்வளவு வரை கொடுக்கலாம் என்ற லீகின் உச்சவரம்பு விதிகள். யாரை எப்போது விடுவித்தால் எவ்வளவு மிச்சம் என்ற கணக்கு. மூன்றாம் வருடத்தில் எந்த ஷரத்து உயிர் பெறும், எந்த ஷரத்து செத்துப்போகும் என்ற விவரம். உச்சவரம்பு உச்சவரம்பு என்று நாளெல்லாம் பேசும் இவரிடம், உன் சம்பளத்துக்கு அடிவரம்பு என்ன என்று கேட்டால், அழுக்குச் சட்டையைச் சொறிவார்.

இந்த மார்ச்சில் ட்ரெவியான் ஓக்ஸ் வந்தார். வந்தார் என்றால் டொலிடோவுக்கு அல்ல, செய்தியில். ஓக்ஸ் ஒரு ரிசீவர். தூரத்திலிருந்து எறியும் பந்தை, நான்கு தடியர்கள் மேலே வந்து விழும்போதே, ஓடிக்கொண்டு பிடிக்கிறவர். முப்பத்தொரு வயது. இடது முழங்காலில் இரண்டு அறுவைச் சிகிச்சை. பழைய அணி விடுவித்துவிட்டது. இப்போது அவர் யாருக்கும் கட்டுப்படாத ஆள். எந்த அணியும் கூப்பிடலாம். ஒரு மனிதர் வேலையில்லாமல் வீட்டில் உட்கார்ந்தார் என்பது நான்கு மாநிலங்களுக்குத் திருவிழாவாகிவிட்டது.

எங்கள் உணவறையில் காலை ஒன்பதே முக்காலுக்கு இருபது நிமிட இடைவேளை. மைக்ரோவேவுக்கு எதிர்மேசை வாலியின் அலுவலகம். எதிரில் டெக்ஸ்டர் லூமிஸ். கண்ணாடியைப் பெட்டியில் அடைக்கும் பிரிவு. அவரும் அதே இனம், எதிர்க்கட்சி.

"நாம அவனை எடுக்கணுமா வேணாமா, ஒரே வார்த்தைல சொல்லு" என்றார் டெக்ஸ்டர்.

"வேணாம்."

"ஏன்?"

"ஒரே வார்த்தைன்னியே."

"சரி, ரெண்டு வார்த்தை வெச்சுக்க."

"இடது முழங்கால்."

"அது எப்பவோ ஆறிருச்சுடா. வீடியோ பாக்கலையா நீ? பீச்ல ஓடறான், மான் மாதிரி."

"மணல்ல யாரு ஓடினாலும் மான் மாதிரிதான் இருக்கும். புல்லுல ஓடச் சொல்லு பாப்போம்."

"நீ கடைசியா எப்படா ஓடின?"

"நான் என்ன ஓடறதுக்கா சம்பளம் வாங்கறேன்?"

ஒன்பது விநாடி வீடியோ. ஓக்ஸின் மனைவி எடுத்து ஏதோ ஒரு தளத்தில் போட்டது. பின்னால் ஒரு நாய்கூட ஓடுகிறது. அதை வாலி அந்த வாரத்தில் குறைந்தது முந்நூறு தடவை பார்த்திருப்பார். நிறுத்தி நிறுத்திப் பார்த்தார். பின்னோக்கி ஓட்டிப் பார்த்தார். நாயை விரலால் மறைத்துக்கொண்டு பார்த்தார்.

"இங்க பாரு, இங்க. இடது கால ஊனும்போது தோள் லேசா எறங்குது பாரு. வலிக்குது அவனுக்கு. மறைக்கிறான்."

ஆயிரம் மைலுக்கு அப்பால் முன்பின் தெரியாத ஒரு மனிதனின் மறைத்துவைத்த வலியை, கைபேசியின் கீறல் விழுந்த திரையில் கண்டுபிடிக்கிற கண் எப்பேர்ப்பட்ட கண். அதே நேரம், இரண்டு மேசை தள்ளி ஒரு பெண் காப்பிக் கோப்பையை இடது கையால் தூக்கிக்கொண்டிருந்தாள். அவள் வலது கைக்காரி. இரண்டு வருடமாக அவள் இடது கையால்தான் குடிக்கிறாள். அது அந்தக் கண்ணில் படவில்லை.

பெர்னிஸ் டாலிவர். இருபத்திரண்டு வருடம் முன்கண்ணாடிகளைத் தூக்கித் தூக்கி அடுக்கியதில் வலது தோளின் தசை கிழிந்துபோனது. இப்போது விளக்கு வைத்த சின்ன அறையில் உட்கார்ந்து, கடந்துபோகும் கண்ணாடிகளில் குமிழி இருக்கிறதா என்று பார்ப்பது அவள் வேலை. வேலையில் காயம்பட்டவருக்கு இலகுவான வேறு வேலை தர வேண்டும் என்று பழைய ஒப்பந்தத்தில் இருந்ததால் கிடைத்த இடம். இன்னும் மூன்று வருடம் அந்த நாற்காலியில் உட்கார்ந்தால் முழு ஓய்வூதியம்.

கம்பெனி புது ஒப்பந்தம் கொண்டுவந்திருந்தது. நாற்பத்திரண்டு பக்கம். முதல் பக்கத்தில் கொஞ்சம் சம்பள உயர்வு, பெரிய எழுத்தில். பதினேழாம் பக்கத்தில், சின்ன எழுத்தில், காயம்பட்டவர் ஆறு மாதத்துக்குள் பழைய வேலைக்கே திரும்ப முடியாவிட்டால் தாமாக விலகியதாகக் கருதப்படுவார் என்று ஒரு வரி. ஏற்கெனவே இலகு வேலையில் இருப்பவர்களுக்கும் கையெழுத்தான நாளிலிருந்து அதே ஆறு மாதம். தாமாக. அந்தச் சொல்லை எழுதியவருக்கு எங்கே படிப்புச் சொல்லிக்கொடுத்தார்களோ, அந்தப் பள்ளிக்கூடத்தில் வெட்கம் என்ற பாடம் மட்டும் இல்லை.

அடுத்து வந்த வியாழக்கிழமை, பகல் பன்னிரண்டு முதல் நான்கு மணி வரை, யூனியன் மன்றத்தில் வாக்கெடுப்பு. ஏற்கலாம், அல்லது நிராகரிக்கலாம். பெர்னிஸ் ஒவ்வொரு மேசையாகப் போய்க்கொண்டிருந்தாள். வாலியின் மேசைக்கு வந்தாள்.

"வாலி, பதினேழாம் பக்கம் படிச்சியா?"

"படிக்கிறேன் பெர்னிஸ். பையிலேயேதான் இருக்கு."

பொய்யில்லை. பையில்தான் இருந்தது. சாண்ட்விச்சுக்கு அடியில். இரண்டு நிமிடம் கழித்து டெக்ஸ்டர், "அப்ப நீயே ஒரு ஒப்பந்தம் எழுதுடா, ஓக்ஸை எந்த நிபந்தனைக்கு எடுப்ப?" என்று சீண்டியபோது, வாலி தாளுக்குத் துழாவி, கையில் அகப்பட்ட முதல் தாளைக் கட்டிலிருந்து உருவி, வெற்றாக இருந்த பின்பக்கத்தில் எழுத ஆரம்பித்தார். நாக்கைக் கடித்துக்கொண்டு, பள்ளிக்கூடப் பையன் தேர்வு எழுதுவதுபோல. எழுதி முடித்து உரக்கப் படித்தார்.

"ஒண்ணு. ரெண்டு வருஷம், அதுக்கு மேல கிடையாது. ரெண்டு. முதல் வருஷத்துக்கு மட்டும்தான் உத்தரவாதம். மூணு, இதுதான் முக்கியம், கேட்டுக்க. முழங்கால் போச்சுன்னா ஆறு மாசம் டைம். அதுக்குள்ள பழைய மாதிரி ஓடலன்னா அவனே ஒதுங்கிக்கிட்டதா அர்த்தம். நாம ஏன் சுமக்கணும்?"

"அநியாயம்டா" என்றார் டெக்ஸ்டர். "நமக்காக ஓடித்தானே அவன் கால் போகும்? முழுசா உத்தரவாதம் கொடுக்கணும். அவனுக்கும் குடும்பம் இருக்குல்ல?"

"குடும்பம் இருக்குன்னு பாத்தா கப்பு ஜெயிக்க முடியுமா?"

பெர்னிஸ் இன்னும் போகவில்லை. குனிந்து அந்தத் தாளை எடுத்தாள். திருப்பினாள். மேலே அச்சில் பதினேழு என்று இருந்தது. அவள் அந்த வரியின் கீழ் நகத்தை வைத்து வாலியின் மூக்குக்கு நேராகப் பிடித்தாள்.

"பின்பக்கம் நீ எழுதினது. முன்பக்கம் அவங்க எழுதினது. யாரு யாரைப் பாத்துக் காப்பி அடிச்சீங்க?"

வாலி படித்தார். உதடு அசைந்தது. இரண்டாம் தடவை படித்தார்.

"அது வேற, பெர்னிஸ்."

"எப்படி வேற?"

"அவன் கோடில சம்பாதிக்கிறவன்."

"அதான் அவனுக்கு வக்கீல் இருக்கான். எனக்கு நீதான் இருக்க."

மைக்ரோவேவில் யாருடைய சூப்போ சுற்றி முடிந்து மணி அடித்தது. எடுக்க எவரும் எழுந்திருக்கவில்லை.

"வியாழக்கிழமை வந்து வேணாம்னு போடறேன்" என்றார் வாலி. "சத்தியமா. இந்தச் சட்டை மேல சத்தியம்."

"நானும்தான்" என்றார் டெக்ஸ்டர்.

இரண்டு எதிர்க்கட்சிகள் ஒன்றுபட்ட அபூர்வக் காட்சி. பெர்னிஸ் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். நம்புவதற்கு வேறு ஆள் இல்லாதவர்கள் பார்க்கும் பார்வை. அடுத்த மேசைக்குப் போனாள்.

வாலி நல்லவர் அல்ல என்று நான் சொன்னேனா? சொல்லவே இல்லை. இந்த இனத்தில் கெட்டவர்கள் குறைவு. உங்கள் கார் பனியில் சிக்கினால் முதலில் வந்து தள்ளுகிறவர் இவர்தான். தள்ளிக்கொண்டே ஓக்ஸைப் பற்றிப் பேசுவார், அவ்வளவுதான்.

வியாழக்கிழமை வந்தது. எங்கள் ஷிப்டு இரண்டு மணிக்கு முடியும். மன்றம் பத்து நிமிடத் தூரம். ஐந்து தடவை வாக்குப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுத் தூங்கலாம், அவ்வளவு நேரம். இரண்டு ஐந்துக்குக் கார் நிறுத்துமிடத்தில் வாலியின் கைபேசி அதிர்ந்தது.

இதை வெளியாட்கள் நம்ப மாட்டார்கள். இந்த மேனேஜர்கள் விமானங்களைப் பின்தொடர்வார்கள். சிறிய தனியார் விமானங்களின் வால் பக்கத்தில் ஓர் எண் எழுதியிருக்கும். அந்த எண்ணைத் தட்டினால் அது எந்த ஊரில் ஏறி எந்த ஊரில் இறங்கப்போகிறது என்று கைபேசியில் வரைபடம் வரும். எந்த ஆட்டக்காரர் எந்த ஊரில் இருக்கிறார், அங்கிருந்து எந்த விமானம் எந்த அணியின் ஊருக்குக் கிளம்புகிறது, இதை வைத்து யார் எந்த அணிக்குப் போகிறார் என்று கணிப்பார்கள். கிளி சீட்டு எடுப்பதைவிட இது நவீனமானது. கிளி எடுப்பதாவது சில சமயம் பலித்துவிடும்.

"அட்லாண்டாவுலேர்ந்து ஒண்ணு கிளம்பியிருக்கு" என்றார் வாலி. அவர் குரல் அடங்கிப்போயிருந்தது. "நேரா டொலிடோ. மூணு பத்துக்கு எறங்குது."

"ஓக்ஸ் வீடு அட்லாண்டாவுலதானே இருக்கு?" டெக்ஸ்டர் முகமெல்லாம் வெளிச்சம்.

"வேற எதுக்குடா அட்லாண்டாவுலேர்ந்து ஒருத்தன் டொலிடோவுக்கு வருவான்? மார்ச்ல?"

"நீதான் அவன் வேணாம்னியே."

"வேணாம்தான். ஆனா வந்தா நாம வரவேற்கணும்ல? மரியாதை இல்ல?"

"ஓட்டு?"

"ஓட்டுக்கு ரெண்டு நிமிஷம். நாலு மணி வரைக்கும் இருக்கே. பாத்துட்டு வந்து போட்டுக்கலாம்."

ஆறு கார்கள். பதினான்கு பேர். பதினான்கு பேரும் வேண்டாம் என்று போடுவதாகப் பெர்னிஸிடம் சொன்னவர்கள். விமான நிலையத்தின் ஓரத்தில், தனியார் விமானங்கள் நிற்கும் இடத்தில், கம்பிவேலியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். ஏரிப்பக்கமிருந்து வந்த காற்று காதை அறுத்தது. யாரோ டோனட் வாங்கி வந்திருந்தார்கள். வேலிக்கு இந்தப்புறம் ஏழு பேர் ஓக்ஸ் வேண்டும் என்றும் ஏழு பேர் வேண்டாம் என்றும் கத்திக்கொண்டிருக்க, வராத மனிதனுக்காக ஒரே டோனட் பெட்டியிலிருந்து இரண்டு கட்சியும் சாப்பிட்டன.

மூன்று பத்து ஆயிற்று. விமானம் இறங்கவில்லை. மேகம் தாழ்ந்திருக்கிறது, மேலேயே சுற்றிக்கொண்டிருக்கிறது என்று வரைபடம் காட்டியது. மூன்று இருபத்தைந்துக்கு ஒருவர் கடிகாரத்தைப் பார்த்தார். "இப்பக் கிளம்பினா சரியா இருக்கும்" என்றார்.

"இப்பப் போனா, எறங்கறப்ப நாம இருக்க மாட்டோமே" என்றார் வாலி.

எப்படிப்பட்ட தர்க்கம் பாருங்கள். அவர் இல்லாவிட்டால் விமானம் இறங்காது என்பதுபோல. ஒருவரும் போகவில்லை. முதலில் போகிறவர் துரோகி ஆகிவிடுவாரே.

மூன்று நாற்பத்தெட்டுக்கு விமானம் இறங்கியது. படி விரிந்தது. கறுப்பு மேல்கோட்டு அணிந்த உயரமான ஒருவர், பின்னால் ஒரு பெண், அவள் கையில் கோப்புப் பெட்டி. அவ்வளவுதான். ஓக்ஸ் இல்லை.

பகுத்தறிவு உள்ளவன் இந்த இடத்தில் என்ன சொல்வான்? ஏமாந்துவிட்டேன் என்பான். நம் ஆட்கள் மூன்று விநாடி யோசித்தார்கள்.

"ஏஜெண்ட்டு" என்றார் வாலி. "ஓக்ஸோட ஏஜெண்ட்டு. பேசி முடிக்க முன்னாடியே அனுப்பியிருக்கான். பெட்டியப் பாரு, ஒப்பந்தம்."

"ஆமாடா, ஏஜெண்ட்டுதான். நடையைப் பாத்தாலே தெரியுது" என்றார் டெக்ஸ்டர்.

எந்தத் தீர்க்கதரிசியும் தவறியதில்லை; தவறிய இடத்தில் விளக்கம் முளைத்துவிடும். பதினான்கு பேரும் ஒரே குரலில் ஹாமர்ஸ் முழக்கத்தை எழுப்பினார்கள். மேல்கோட்டுக்காரர் திகைத்து நின்றார். பிறகு, இந்த ஊர் ஜனங்கள் இப்படித்தான்போல என்று நினைத்தாரோ என்னவோ, கையை உயர்த்தி அசைத்தார். வாலிக்குக் கண் கலங்கிவிட்டது.

மன்றத்துக்கு வந்தபோது மணி நான்கு ஆறு. கதவு பூட்டியிருந்தது. உள்ளே எண்ணிக்கொண்டிருந்தார்கள். பெர்னிஸ் வெளியே படியில் நின்றிருந்தாள். ஆறு கார்களும் ஒன்றன் பின் ஒன்றாக வந்து நிற்பதைப் பார்த்தாள்.

"கதவத் தட்டிச் சொல்லு பெர்னிஸ், நாங்க வந்துட்டோம்னு" என்றார் வாலி.

கவனித்தீர்களா? இங்கே என் காதில் விழுந்தது 'நாங்க'தான். முதலாளியின் அணிக்கு நாம். பெர்னிஸின் தோளுக்கு நாங்கள்.

"எங்க போயிருந்தீங்க?"

டெக்ஸ்டரின் மீசையில் டோனட் சர்க்கரை ஒட்டியிருந்தது.

ஏற்கலாம் என்று இருநூற்று முப்பத்தொன்று. வேண்டாம் என்று இருநூற்று இருபத்திரண்டு. ஒன்பது வாக்கு வித்தியாசம். வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றவர்கள் பதினான்கு பேர். இந்தக் கழித்தலைச் செய்ய வாலியின் மூளை வேண்டாம். ஆனால் அதைச் செய்ய அவர் மூளைக்கு இரண்டு நாள் ஆயிற்று.

மறுநாள் காலை அறிவிப்புப் பலகையில் ஒரு புகைப்படம் ஒட்டியிருந்தது. ஒப்பந்தத்தில் கையெழுத்தாகும் காட்சி. நடுவில் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர் உயரமானவர். கறுப்பு மேல்கோட்டு நாற்காலி முதுகில் தொங்கியது. கம்பெனித் தலைமையகத்தின் வக்கீல், அட்லாண்டாவிலிருந்து வந்தவர் என்று கீழே எழுதியிருந்தது. வாலி அதன் எதிரில் வெகுநேரம் நின்றார்.

"ஏஜெண்ட்டுதான்னு சொன்னேன்ல" என்றார் டெக்ஸ்டர், சிரிக்க முயன்று. வாலி திரும்பிப் பார்க்கவில்லை.

ஓக்ஸ் என்ன ஆனார்? ஏப்ரலில் மேற்குப் பக்கத்து அணி ஒன்றில் சேர்ந்தார். முழங்கால் போனாலும் இரண்டு வருடச் சம்பளம் முழுக்க உண்டு என்று ஷரத்து. அது எப்படிக் கிடைத்தது என்று டெக்ஸ்டர் வியந்தார். எப்படி என்றால், ஓக்ஸ் தன் ஒப்பந்தத்தைப் படித்திருக்கிறார். ஆட்டக்காரர்களுக்கும் யூனியன் உண்டு. அதில் வாக்கெடுப்பு நடந்தால் அவர்கள் விமானம் பார்க்கப் போவதில்லை.

செப்டம்பரில் பெர்னிஸுக்குக் கடிதம் வந்தது. தாமாக விலகியதற்காக அவளுக்கு நன்றி சொல்லியிருந்தார்கள். கடைசி நாள் ஒரு வெள்ளிக்கிழமை. அந்த ஞாயிற்றுக்கிழமை ஹாமர்ஸின் முதல் ஆட்டம் என்பதால் தொழிற்சாலை முழுக்கக் கொடி கட்டியிருந்தார்கள். அவள் பெட்டியை வாலிதான் காருக்குத் தூக்கி வந்தார். அதில் என்ன பெரிதாக இருக்கும்? ஒரு கோப்பை, ஒரு ஸ்வெட்டர், கண்ணாடிக் குமிழிகளைப் பார்க்கும் பூதக்கண்ணாடி.

"கவலப்படாத பெர்னிஸ்" என்றார் வாலி. "அடுத்த ஒப்பந்தம் வரட்டும். நாம எல்லாரும் சேந்து இதத் திருப்பிடலாம்."

"அடுத்த ஒப்பந்தம் எப்ப வாலி?"

வாலி யோசித்தார். அவருக்குத் தெரிந்த உலகத்தில் எல்லாம் வருடத்துக்கு வருடம் புதிதாகத் தொடங்கும். எல்லா அணியும் பூஜ்யத்தில் நிற்கும்.

"அடுத்த வருஷம்தானே?"

"நாலு வருஷம்" என்றாள் பெர்னிஸ். "அது முதல் பக்கத்துலயே இருக்கு. பெரிய எழுத்துல."

இடது கையால் கதவைச் சாத்திக்கொண்டு அவள் போனாள். வாலி அங்கேயே நின்றார். பிறகு இடுப்பில் கை வைத்து மெல்ல நிமிர்ந்தார். முதுகு பிடித்திருந்தது. நான் கவனித்துவிட்டேன் என்று தெரிந்ததும், "ஒண்ணுமில்ல, பனியில நின்னது" என்றார். செப்டம்பரில் என்ன பனி? கழுத்தில் அட்டை தொங்குகிற யாராவது பார்த்துவிட்டார்களா என்று நான்கு பக்கமும் பார்த்துக்கொண்டு உள்ளே போனார்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், அதற்குத்தான் எழுதினேன். உங்களுக்குத் தெரிந்த யாரோ ஒரு மைத்துனர், யாரோ ஒரு பக்கத்து மேசைக்காரர் நினைவுக்கு வந்திருப்பார். இதை அவருக்கு அனுப்பிவைக்கலாம் என்றுகூடத் தோன்றியிருக்கும். அனுப்புவதற்கு முன் ஒரு சின்னக் கேள்வி. இந்த வருடக் கிரிக்கெட் ஏலத்தில் எந்த மட்டையாளர் என்ன விலைக்குப் போனார், யாரை யாருக்குப் பதிலாக இறக்கியிருக்க வேண்டும், தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வீர்கள் இல்லையா? நல்லது. நீங்கள் இப்போது பார்க்கிற வேலையில் சேர்ந்த அன்று கையெழுத்துப் போட்டீர்களே, அந்தத் தாள் எத்தனை பக்கம்? பதினேழாம் பக்கத்தில் என்ன இருந்தது?

எழுந்து போய் அலமாரியைத் திறக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன். தாள் எங்கோ அடியில் இருக்கிறது. கை அதன் மேல் படுகிறது. அந்த நேரம் பார்த்துக் கைபேசி அதிர்கிறது. உங்கள் அணிக்கு யாரோ வரப்போகிறாராம். இரண்டே நிமிடம்தானே, அதைப் பார்த்துவிட்டு வந்து இதைப் படிக்கலாம் என்று தோன்றும்.

தோன்றியதா? வாழ்த்துகள். உங்களுக்கு வேலை கிடைத்துவிட்டது.